மாதவிடாய் நின்ற பிறகு உறவில் வலி, எரிச்சல். பினாங்கில் யாரிடம் காட்டலாம்?

குளுகோர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பேர் வேண்டாமே. வயசு 56, குளுகோர் ஃபிளாட்ல இருக்கேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு எடுத்தாச்சு. வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர், அவரும் இப்ப வீட்டோடதான். பிள்ளைங்க ரெண்டு பேரும் கோலாலம்பூர்ல.

எனக்குத் தீட்டு நின்னது 51ல. ராத்திரி வேர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் வந்துச்சு, அதுபாட்டுக்குப் போயிடுச்சு. அது பெரிசாத் தெரியல. கிளீன் ரூம் உடுப்பைத் தலையிலிருந்து கால்வரை மாட்டிக்கிட்டு பன்னிரண்டு மணி நேரம் நின்ன உடம்புக்கு வேர்வை ஒரு விஷயமா?

இப்ப பிரச்சினை வேற. வீட்டுக்காரரோட சேர்ந்தா கீழே உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரி எரியுது. மறுநாள் ஒண்ணுக்குப் போனாலும் எரிச்சல். அடிக்கடி சிறுநீர்க் கிருமி வேற. டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்குத்தான் போவேன். ஒவ்வொரு தடவையும் டப்பாவுல ஒண்ணுக்கு எடுத்துப் பார்த்துட்டு ஆன்டிபயோட்டிக் கொடுப்பாங்க. கடைசியாப் போனப்ப தைரியத்தை வரவழைச்சு, "சேரும்போது வலிக்குது டாக்டர்"னு சொல்லிட்டேன். என் மகன் வயசுப் பையன் அவர். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காம, "ஆன்டி, வயசாயிடுச்சுல்ல, நார்மல்தான்"னு சொல்லிட்டார். முழங்கால் வலின்னு போனப்ப இதே ஆள் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்ப மட்டும் எனக்கு வயசாகலையா?

ஒண்ணு வெளிப்படையாச் சொல்லிடறேன். எங்க ரெண்டு பேருக்கும் இத்தனை வருஷமா நேரமே கிடைச்சதில்ல. எனக்கு நைட் ஷிப்ட்னா அவர் வீட்டுல இருப்பார், நான் வீட்டுல இருந்தா அவர் ஜொகூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிருப்பார். ரெண்டும் ஒத்துவந்த நாள்ல மாமியார் ஹால்ல படுத்திருப்பாங்க, பிள்ளைங்க நடுவுல. இப்பதான் வீடு காலியாச்சு. இனிமே இது வேண்டாம்னு எனக்குத் தோணல. அவருக்கும்தான்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அன்பா மாஞ்சாகானி ஜாமுன்னு ஒரு மூலிகை மருந்து கொடுத்தாங்க (நம்ம மாசிக்காய்தான்). வெத்தலைச் சாறு கலந்த ஒரு வாஷும் வாங்கித் தந்தாங்க. போட்டுப் பார்த்தேன், எரிச்சல் கூடிடுச்சு. என் தங்கச்சிகிட்ட சொன்னா, ஹார்மோன் மருந்து எடுத்தா கேன்சர்னு வாட்ஸ்அப்ல தினம் ஒரு வீடியோ அனுப்புறா.

இது குணமாகுமா? ஹார்மோன் கிரீம்னு ஒண்ணு இருக்காமே, அது ஆபத்தா? யார்கிட்ட போறது, எப்படி வாயைத் திறந்து சொல்றது? பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான சோதனை) எடுக்கச் சொல்லி ஏற்கெனவே சொல்லியிருக்காங்க, போன தடவை எடுத்தப்ப உயிர் போச்சு. அந்தப் பயமும் இருக்கு.

மல்லிகைச்சரம்:

அக்கா, எனக்கும் இதே கதைதான். வெளியில சொல்ல வெட்கம். நான் தேங்காய் எண்ணெய் போடுறேன், பரவாயில்லாம இருக்கு. நல்ல செக்கு எண்ணெயா பாசார்ல பார்த்து வாங்குங்க.

தர்மசிந்தனை:

சகோதரி, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கடமை உண்டு. பேரன் பேத்தி எடுக்கும் வயதில் உடல் ஓய்வு கேட்கிறது, அதை மதியுங்கள். கோயில், தியானம் என்று மனதைத் திருப்பினால் இந்த எண்ணமே எழாது. பொதுவெளியில் இவற்றைப் பேசுவதும் நம் பண்பாடல்ல.

செந்தூல் மிஸி:

தர்மசிந்தனை ஐயா, தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுற முழங்காலுக்கு மருந்து தடவினா பண்பாடு, இதுக்குத் தடவினா பண்பாடு இல்லையா? அந்த அக்கா கேட்டது எரிச்சலைப் பத்தி. எண்ணத்தைப் பத்தி யாரும் உங்ககிட்ட கேக்கல.

குளுகோர் அக்கா, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில பெண்கள் வார்டுலயும் கிளினிக்லயும் மிஸியா (நர்ஸா) இருந்து ஓய்வு எடுத்தவ. நீங்க சொன்னதை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கேன், பாதிப் பேர் கதவுப்பிடியில கையை வச்சுக்கிட்டு, வெளியே போகப்போற நேரத்துலதான் சொல்வாங்க. இது ரொம்பச் சாதாரணம். மாதவிடாய் நின்ன பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கு. ஆனா சாதாரணம்னா சும்மா விட்டுடலாம்னு அர்த்தமில்ல. வேர்வையும் படபடப்பும் பெரும்பாலும் சில வருஷத்துல தணிஞ்சுடும். இது தானாப் போகாது, கவனிக்காம விட்டா கூடத்தான் செய்யும்.

உள்ளே நடக்கிறது இதுதான். ஈஸ்ட்ரோஜென்ங்கிற பெண் ஹார்மோன் இருக்கிறவரைக்கும் யோனியோட சுவர் தடிப்பா, மடிப்பு மடிப்பா, ஈரமா இருக்கும். அங்கே லாக்டோபேசிலஸ்னு ஒரு நல்ல கிருமி வாழும், அது அமிலத்தை உண்டாக்கிக் காவல் காக்கும். அமிலத்தை அளக்கிற பிஎச் 4.5க்குக் கீழேயே நிக்கும் (எண் குறைஞ்சா அமிலம் கூட). ஈஸ்ட்ரோஜென் குறைஞ்சதும் சுவர் மெலியுது, ரத்த ஓட்டம் குறையுது, நல்ல கிருமி குறைஞ்சு பிஎச் 5க்கு மேலே ஏறுது. குடல்ல இருக்கிற கிருமி வந்து குடியேற வசதியாயிடுது. சிறுநீர் வர்ற வழியும் இதே ஈஸ்ட்ரோஜெனை நம்பித்தான் இருக்கு. அதனால உங்க எரிச்சலும் அடிக்கடி வர்ற சிறுநீர்க் கிருமியும் ரெண்டு நோயா இல்லாம ஒண்ணாவே இருக்க வாய்ப்பு அதிகம். 2014லதான் இந்தத் துறை மருத்துவர் சங்கங்கள் ரெண்டையும் ஒரே தொகுப்பாச் சேர்த்து ஜிஎஸ்எம்னு (மாதவிடாய் நின்ன பிறகு யோனியிலயும் சிறுநீர்ப் பாதையிலயும் வர்ற தொல்லைகள்) கூப்பிட ஆரம்பிச்சாங்க. காரணத்தைத் தொடாம ஆன்டிபயோட்டிக் மட்டும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தா அது திரும்பத் திரும்பத்தான் வரும்.

மாஞ்சாகானியை இன்னைக்கே நிறுத்துங்க. மாசிக்காய் முழுக்கத் துவர்ப்பு, ஈரத்தை இழுத்துச் சுருங்க வைக்கிற சரக்கு. "இறுக்கம்"னு சொல்லி விக்கிறது அதைத்தான். ஈரமே இல்லாத இடத்துல அதைக் கொண்டுபோய் வச்சா எரியாம என்ன செய்யும்? வெத்தலை வாஷும் வேண்டாம், வாசனை சோப்பும் வேண்டாம், டெட்டோல் ஊத்துறவங்க இருக்காங்க, அவங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். வெளியே மட்டும் வெறும் தண்ணி போதும்.

கடையில டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்கிறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. லூப்ரிகன்ட்னா சேரும்போது போடுறது. தண்ணி அடிப்படையில உள்ளது சீக்கிரம் காயும், சிலிகான் வகை நின்னு பேசும். மாய்ஸ்சரைசர்னா சேர்ந்தாலும் சேராட்டியும் வாரத்துல ரெண்டு மூணு நாள் உள்ளே வைக்கிறது. வாசனை, சூடு, குளிர்ச்சின்னு போட்டிருக்கிற எதையும் தொடாதீங்க. மல்லிகைச்சரம் சொன்ன தேங்காய் எண்ணெய் சில பேருக்கு ஒத்துக்கும், ஆனா லேட்டெக்ஸ் ஆணுறையைக் கெடுத்துடும். ஆணுறை போடுறவங்க எந்த எண்ணெயும் பக்கத்துல கொண்டு வரக்கூடாது. அதோட எண்ணெய் வழவழப்புத்தான் தரும், மெலிஞ்ச சுவரைத் தேத்தாது.

தேத்துறது உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜென்தான். கிரீமா இருக்கும், இல்லாட்டி 10 மைக்ரோகிராம் குட்டி மாத்திரையா இருக்கும். வழக்கமா முதல் ரெண்டு வாரம் தினம் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. டாக்டர் எழுதித் தரணும். ஒரே நாள்ல குணம் தெரியாது, சில வாரம் போகணும், முழுப் பலன் தெரிய மூணு மாசம்கூட ஆகலாம். நிறுத்தினா பழையபடி காயும். சிறுநீர்க் கிருமி அடிக்கடி வர்றதையும் இது குறைக்கும்.

உங்க தங்கச்சி பயம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். 2002ல அமெரிக்காவுல டபிள்யூஎச்ஐன்னு ஒரு பெரிய ஆய்வைப் பாதியில நிறுத்தினாங்க, மார்புப் புற்று கூடுதுன்னு. நான் அப்ப வேலையில இருந்தேன், வாய்வழி ஹார்மோன் எடுத்துக்கிட்டிருந்த பெண்கள் பயந்து போய் மாத்திரையைத் தூக்கிப் போட்டாங்க. ஆனா அந்த ஆய்வுல கொடுத்தது ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டின்ங்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த, வாயால விழுங்குற மாத்திரை. கலந்துக்கிட்டவங்க சராசரி வயசே 63. கர்ப்பப்பை எடுத்து, ஈஸ்ட்ரோஜென் மட்டும் எடுத்த இன்னொரு பிரிவுல மார்புப் புற்று அதிகமாகல. உள்ளே வைக்கிற சின்ன அளவு ரத்தத்துல கலக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஆனா கிரீம் டப்பாவுக்குள்ள இருக்கிற தாளுல, அந்த விழுங்குற மாத்திரைக்கு எழுதின எச்சரிக்கையையே வருஷக்கணக்கா அச்சடிச்சு வச்சாங்க. அதைப் படிச்சுட்டு மருந்தைத் திறக்காமலே அலமாரியில வச்ச பெண்களை நான் பார்த்திருக்கேன். 2025 நவம்பர்லதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தக் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்கப்போறதா அறிவிச்சது. இருந்தாலும் மார்புப் புற்று வந்தவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது.

ரத்தம்னதும் ஞாபகம் வருது. தீட்டு ஒரு வருஷம் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், சேர்ந்ததாலதான் வந்துச்சுன்னு நீங்களே முடிவு பண்ணக்கூடாது. ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்தோல் தடிப்பைப் பார்க்கணும். பெரும்பாலும் வறட்சியா இருக்கும், ஆனா கர்ப்பப்பைப் புற்று முதல்ல காட்டுற அடையாளமும் இதுதான். இதுல மட்டும் என் பேச்சைக் கேளுங்க, தள்ளிப் போடாதீங்க.

இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கான்னும் பாருங்க. நம்ம ஆளுங்கள்ல அது அதிகம், இருந்தா அரிப்பும் வெள்ளைப் பூஞ்சையும் சேர்ந்து வரும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரையை ஒண்ணுக்குல வெளியேத்துற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் வாய்ப்பு கூட.

எங்கே போறது? அரசாங்க சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, 1 ரிங்கிட்தான். பதியும்போதே "டாக்டர் பெரெம்புவான்" (பெண் டாக்டர்) வேணும்னு கேளுங்க, குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கிற கிளினிக்கா இருந்தா இன்னும் நல்லது. எல்பிபிகேஎன்னோட (அரசாங்கக் குடும்ப மேம்பாட்டு வாரியம்) கிளினிக் நூர் செஜாத்தராவும் இந்த மாதிரி விஷயத்துக்குப் பழகின இடம். உள்ளே போனதும் "கீழே எரியுது"ன்னு ஆரம்பிக்காதீங்க, கையில டப்பாதான் வரும். மலாய்ல நேராச் சொல்லுங்க: "ஃபாராஜ் கெரிங், சாகிட் பிலா பெர்சாமா சுவாமி" (யோனி வறண்டிருக்கு, கணவரோட சேரும்போது வலிக்குது). கண்டிப்பாப் படுக்க வச்சுப் பார்ப்பாங்க. வாய் வரலைன்னா ஒரு தாளுல எழுதி நீட்டுங்க, அப்படி நீட்டின தாளை நான் எவ்வளவோ வாங்கியிருக்கேன்.

பாப் ஸ்மியர் பயத்துக்கும் வழி இருக்கு. இப்ப அரசாங்க கிளினிக்ல எச்பிவி பரிசோதனை (கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்குற வைரஸ் இருக்கான்னு பார்க்கிறது) வந்தாச்சு, 30லிருந்து 65 வயசு வரைக்கும். பஞ்சுக் குச்சியைக் கையில கொடுப்பாங்க, திரைக்குப் பின்னால நின்னு நீங்களே எடுத்துடலாம். கருவி வைக்கத்தான் வேணும்னா "சின்ன சைஸ் வைங்க, ஜெல் போடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. அது உங்க உரிமை.

லெட்ரோசோல்காரி:

மிஸி அக்கா சொன்னதோட என் பக்கத்தையும் சேர்த்துக்கறேன். நான் ரவாங். 49ல மார்புப் புற்று, ஆபரேஷன், கீமோ, இப்ப தினமும் லெட்ரோசோல். இந்த மாத்திரை உடம்புல மிச்சம் மீதி இருக்கிற ஈஸ்ட்ரோஜெனையும் வத்த வச்சுடும். அதுதான் அதோட வேலை. அதனால வறட்சி எனக்கு உங்களைவிட மோசம்.

என்னை மாதிரி ஆளுங்க படிச்சா: உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜெனைப் பத்திப் புற்றுநோய் டாக்டர்கிட்ட பேசாம எடுக்காதீங்க, முக்கியமா லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் எடுக்கிறவங்க. எனக்கு முதல்ல கொடுத்தது ஹையலூரானிக் அமிலம் இருக்கிற மாய்ஸ்சரைசர், சேரும்போது சிலிகான் லூப்ரிகன்ட். அது பாதி வேலைதான் செஞ்சது. மீதி இடுப்புத் தசை பிசியோவுலதான் சரியாச்சு. வலிக்கும்னு பயந்து பயந்து அந்தத் தசை தானாவே இறுகிப் போயிருந்துச்சாம். அதைத் தளர்த்தச் சொல்லிக் கொடுத்தாங்க, டைலேட்டர்னு ஒரு விரிக்கிற கருவியை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகச் சொன்னாங்க. அந்தப் பொட்டலத்தை ஒளிச்சு வைக்க வீட்டுல இடம் தேடினது தனிக்கதை.

இன்னொண்ணு. சேருறதுன்னா உள்ளே போறது மட்டும்தான்னு எங்க ரெண்டு பேருக்குமே ஒரு நினைப்பு இருந்துச்சு. சிகிச்சை நடந்த காலத்துல அது முடியாதுன்னு ஆனப்பதான் கை, வாய், எண்ணெய் தேய்ச்சு விடுறது எல்லாம் எங்களுக்குத் தெரிய வந்துச்சு. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு அப்புறம்! அவசரப்படாம நேரம் எடுத்துக்கிட்டா உடம்பும் கொஞ்சம் ஒத்துழைக்குது.

பென்சன்காரர்:

பெண்கள் பேசும் இடத்தில் ஓர் ஆண் எழுதுவதற்கு மன்னிக்கவும். குளுகோர் அம்மா, முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எனக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. விறைப்பு குறைந்தபோது, அது இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் விளக்கி ஈசிஜி எடுத்தார். மனைவிக்கு வறட்சி, கணவருக்கு இது என்று இரண்டும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் வருவது அபூர்வமல்ல. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவருக்குத் தொல்லை.

லாரி ஓட்டியவர் என்றீர்கள். சாலையோரக் கடைகளில் "காப்பி ஜந்தான்" என்று பொட்டலமாக விற்பார்களே, அது வேண்டவே வேண்டாம். அத்தகைய காப்பித் தூள் சிலவற்றில் சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

மல்லிகைச்சரம்:

மிஸி அக்கா, எனக்கு 48 வயசு. தீட்டு நின்னு ஒரு வருஷம் ஆகப்போகுது. ஆணுறை இன்னும் வேணுமா?

செந்தூல் மிஸி:

வேணும்மா. 50க்கு முன்னாடி நின்னா ரெண்டு வருஷம் பொறுக்கணும், 50க்கு மேலன்னா ஒரு வருஷம். அதுவரைக்கும் எண்ணெயைச் சமையலுக்கு வச்சுக்க.

குளுகோர்வாசி:

போயிட்டு வந்தேன். உடனே எழுத முடியல, பேரப்பிள்ளைக்கு அம்மை.

மிஸி சொன்ன மாதிரியே கவுண்டர்ல பெண் டாக்டர் கேட்டேன், கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னாங்க. வீட்டுக்காரர் வெளியே பக்கத்துல இருந்த சீனத் தாத்தாகிட்ட பிரேக் லைனிங் விலையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். உள்ளே மலாய்ப் பெண் டாக்டர். மனப்பாடம் பண்ணினதை அப்படியே ஒப்பிச்சேன். அவங்க சிரிக்கல, முகம் மாறல. எத்தனை நாளா, ரத்தம் படுதா, என்னென்ன மருந்து சாப்பிடறீங்கன்னு வரிசையாக் கேட்டுட்டுப் படுக்க வச்சுப் பார்த்தாங்க. தோல் வெளுத்து மெலிஞ்சு இருக்கு, கிருமி எதுவும் தெரியலைன்னு சொன்னாங்க. இனிப்பு நீர் எல்லைக்கோட்டுல நிக்குதாம், அரிசியைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. அதுதான் எனக்குப் பெரிய துக்கம். எச்பிவி குச்சியை நானே எடுத்துக் கொடுத்தேன், வலியே இல்ல.

அங்கிருந்து ஆஸ்பத்திரி பெண்கள் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தாங்க. அங்கேதான் அந்தக் குட்டி மாத்திரை கிடைச்சது. தினம் வைக்கிற காலம் முடிஞ்சு வாரம் ரெண்டுக்கு வந்துட்டேன். ஒண்ணுக்கு எரிச்சல் நல்லாக் குறைஞ்சிருக்கு. மத்ததை இன்னும் பரீட்சை பண்ணல, டாக்டர் கொஞ்சம் பொறுங்கன்னார். வீட்டுக்காரருக்கும் ரத்தம் எடுத்தாச்சு. காப்பி ஜந்தான்னு கேட்டதும் பேந்தப் பேந்த முழிச்சார். லாரியில பழைய பொட்டலம் ஒண்ணு கிடந்துச்சு, குப்பையில போட்டேன்.

தங்கச்சிக்கு மிஸி எழுதினதை அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் தனியாக் கூப்பிட்டு, "அந்தக் கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?"னு கேக்கிறா.

மிஸி, ஒரு சந்தேகம் மட்டும். மாத்திரை வைக்கிற ராத்திரி அவரோட சேரலாமா? மருந்து அவருக்கு ஏதாவது செய்யுமா? ஆஸ்பத்திரியில கேக்க மறந்துட்டேன்.

செந்தூல் மிஸி:

அக்கா, அதை வழவழப்புக்கு வைக்கிற சாமானா நினைச்சு சேர்றதுக்கு முன்னாடி வைக்காதீங்க, மருந்து உங்க உடம்புல தங்கணும். கிரீம் வைக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், கணவர் தோல்ல ஒட்டும். சேர்ந்த பிறகு கழுவிட்டுத் தூங்கப் போறப்ப வைக்கலாம், இல்லாட்டி வேற நாள்ல வச்சுக்கலாம். காலண்டர்ல குறிச்சு வச்சுட்டா குழப்பமே இல்ல. திங்களும் வியாழனும் மருந்து. மத்த நாள் உங்க ரெண்டு பேர் பாடு.